சனிக்கிழமைப் பால்

மே 18, ஞாயிறு

வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "டீச்சர், ஜூன் பதினஞ்சுக்குள்ள காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா இடிக்கிறதுக்கு ஆள் வரச் சொல்லிருவேன்" என்றார். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் மாதிரி முகம் நிறையச் சிரிப்பு. "அதுக்கு முன்னாடியே போயிருவேன், கவலைப்படாதீங்க" என்று நானும் சிரித்தேன். எனக்கென்ன? மாட்டுத்தாவணிக்கு அந்தப் பக்கம், என் பேரில் பத்திரம் பதிந்த ஃபிளாட் தயாராக நிற்கிறது. இரண்டாவது மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் யானைமலை.

இந்த நோட்டு விளையாட்டு விழாவுக்கு மார்க் எழுத வாங்கியது. பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடக்கிறது. முதல் பக்கத்தில் 'பி. அங்கயற்கண்ணி, உடற்கல்வி ஆசிரியை' என்று முத்திரையும் இருக்கிறது. வீடு மாறும் வரைக்கும் இதில் எழுதப் போகிறேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி ஒன்றுதான். 'அம்மா இருந்திருந்தா' என்று எந்த வாக்கியமும் ஆரம்பிக்கக் கூடாது. அம்மா போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. போன மாசம் திதியும் கொடுத்தாயிற்று. அழுதுகொண்டே மூட்டை கட்டினால் மூட்டைதான் நனையும்.

புது ஃபிளாட்டில் ஒரே குறை, பரண் கிடையாது. கேட்டதற்குக் கட்டினவன், "இப்பல்லாம் யாரும் பரண் கேக்குறதில்ல மேடம்" என்கிறான். இந்த வீட்டுப் பரணில் இருக்கிறதை எல்லாம் அவன் தலையில்தான் ஏற்ற வேண்டும்.

மே 20, செவ்வாய்

திருமங்கலத்திலிருந்து பாண்டியம்மா அத்தை போன். அப்பாவின் அக்கா. எங்கள் குடும்பத்தில் நல்ல நாள், கெட்ட நாள் எல்லாம் அத்தை வாயிலிருந்துதான் வரும்.

"வைகாசி தாண்டுச்சுன்னா ஆனி, அதுக்கடுத்து ஆடி. புது வீட்டுக்குள்ள காலு வைக்க ஏலாது. ஜூன் எட்டு, ஞாயித்துக்கெழம, நல்ல முகூர்த்தம். சொக்கன்கிட்டயும் சொல்லிட்டேன். வசுமதி பால் காய்ச்சட்டும்."

சொக்கன் என் தம்பி, திண்டுக்கல்லில் இருக்கிறான். வசுமதி அவன் மனைவி. தங்கமான பிள்ளை, அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் கேட்டேன்.

"என் வீட்டுல பால் காய்ச்ச வசுமதி எதுக்குத்தே?"

"தெரியாத மாதிரி கேக்குறியேத்தா. மஞ்சக் குங்குமத்தோட இருக்குறவதான் காய்ச்சணும். முன்னன்னா நானே வந்து காய்ச்சிருப்பேன். ஒங்க மாமா போனதுக்கப்புறம் நானே ஓரமா நிக்கிறவ. நீயும்..." என்று நிறுத்திக்கொண்டாள்.

'நீயும்' என்பதற்குப் பிறகு வர வேண்டிய வார்த்தை எனக்குத் தெரியும். நான் விவாகரத்து வாங்கிப் பல வருஷம் ஆயிற்று. அந்த வார்த்தை இப்போதெல்லாம் என்னைச் சுடுவதில்லை. யார் காய்ச்சினால் என்ன, பால் பொங்கினால் சரி. "சரிங்கத்தே" என்று வைத்துவிட்டேன்.

இந்த அரசரடி வீட்டுக்கு வந்தபோதும் அத்தைதான் காய்ச்சினாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா இறந்து, அவருடைய வாரிசு வேலை பஸ் டெப்போவில் அம்மாவுக்குக் கிடைத்து, அத்தை வீட்டிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அம்மா தனியாக வந்த வருஷம். அத்தை பட்டுப்புடவை கட்டி அடுப்பு முன்னால் நின்றாள். அம்மா சமையலறை வாசல் நிலைக்கு வெளியே, சொக்கனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வாடகையும் அவள்தான் கொடுத்தாள், சமைக்கப் போகிறவளும் அவள்தான். வெளியே நின்றாள். அது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறதோ.

மே 21, புதன்

அட்டைப்பெட்டி வாங்கினேன். யார் காய்ச்சினால் என்ன.

மே 23, வெள்ளி

சமையலறையைப் பிரிக்க ஆரம்பித்தேன். இந்த வீட்டில் எது எதெல்லாம் ஆடாமல் அசையாமல் இருக்கிறதோ அதெல்லாம் அம்மாவின் புடவைக் கிழிசலால் கட்டப்பட்டிருக்கிறது. கேஸ் டியூப் ஆணியோடு பச்சை வாயில் புடவைத் துண்டால். ஜன்னல் கதவு காற்றில் அடிக்காமல் இருக்கக் கனகாம்பரக் கலர். குக்கர் வெயிட் தொலையாமல் இருக்க, கைப்பிடியோடு சேர்த்து ஒரு மஞ்சள் துண்டு. ஒவ்வொன்றும் எந்தப் புடவை என்று எனக்குத் தெரிகிறது. பச்சை வாயில், நான் பிளஸ் டூ எழுதின வருஷத் தீபாவளிக்கு எடுத்தது. மஞ்சள், சொக்கனின் முதல் சம்பளப் புடவை. அதைக் கட்டிக்கொண்டு டெப்போவுக்குப் போய், கண்டக்டர் டிரைவர் ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் "எம்மகன் எடுத்தது" என்று காட்டிவிட்டு வந்தாள்.

மிக்ஸிக்குப் போட்டிருந்த உறையை உதறினால், அது நான் மாவட்டப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஓடியபோது முதுகில் குத்திய நம்பர் துணி. நம்பர் 214. அதில் நாலு மூலைக்கும் நாடா வைத்துத் தைத்திருக்கிறாள். நான் வாங்கிய கோப்பையைக் கண்ணாடி அலமாரியில் வைத்தவள், நம்பரை மிக்ஸிக்கு மாட்டிவிட்டாள். இத்தனை வருஷம் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போதெல்லாம் உள்பக்கமாக என் நம்பர் இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தனியாக உட்கார்ந்து அவ்வளவு சிரித்தேன்.

கட்டுகளை அவிழ்க்க முடியவில்லை. அம்மா போட்ட முடிச்சு அப்படி. கத்தரிக்கோலை எடுத்தேன், வைத்துவிட்டேன். கத்தரிக்கோல் மழுங்கல்.

மே 25, ஞாயிறு

காலையில் அட்டைப்பெட்டிகளில் கைபிடிக்க ஓட்டை வெட்டினேன். கத்தரிக்கோல் நன்றாகத்தான் வெட்டுகிறது.

மத்தியானம் பாத்திரம். எங்கள் வீட்டில் யார் கொடுத்த பாத்திரமானாலும் பேர் வெட்டித்தான் இருக்கும். பேர் இல்லாத பாத்திரம் பந்திக்குப் போனால் திரும்பி வராது என்பாள் அம்மா. அதனால் பாத்திரத்தைத் தேய்த்துத் துடைத்தாலே சொந்தபந்தம் எல்லாம் வரிசையாக வருகிறது. பெரிய மாமா, செத்துப்போன சித்தப்பா, பெயரே மறந்துபோன யாரோ ஒரு சௌபாக்கியவதி. என் கல்யாணத்துக்கு வந்த சட்டிகளில் இரண்டு பேர் இருக்கிறது, என்னுடையதும் அவருடையதும். அதில் நல்லா ரசம் வைக்கலாம். எடுத்துக்கொண்டு போகிறேன்.

அத்தை கொடுத்த எவர்சில்வர் குடம் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது. 'சௌ. பாண்டியம்மாள் அன்பளிப்பு 11-6-89'. இந்த வீட்டில் பால் காய்ச்சிய ஞாயிற்றுக்கிழமை. குடத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

மே 27, செவ்வாய்

பரண் ஏறினேன். ஒரு காலத்தில் இதில் கயிறேறும் போட்டி மாதிரி தாவி ஏறுவேன். இன்று ஏணி போட்டு, கீழே ஜெசிந்தா அக்கா பிடித்துக்கொள்ள ஏறினேன். ஜெசிந்தா அக்கா கீழ் வீடு. தையல் வேலை. நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து பழக்கம். நாற்பத்தைந்து வயதான என்னை இந்த மதுரையில் இன்னமும் 'பாப்பா' என்று கூப்பிடுகிற ஒரே ஆள். அக்காவும் காலி செய்கிறாள், தூத்துக்குடியில் மகன் வீட்டுக்கு.

"பாத்து பாப்பா. விழுந்தேன்னா என்னால தூக்க முடியாது. அங்கனயே விட்டுட்டு டீ குடிக்கப் போயிருவேன்."

பழைய ஆட்டுக்கல் குழவி, கொலு வைக்காத வீட்டில் எதற்கோ இரண்டு பொம்மை, சொக்கனின் நடைவண்டி. எல்லாவற்றுக்கும் பின்னால், சுவரை ஒட்டி, வெள்ளைப் புடவைத் துணியில் கட்டிய சின்ன மூட்டை. அம்மா வெள்ளை கட்டினது அப்பா இறந்த முதல் வருஷம் மட்டும்தான். வேலைக்குப் போக ஆரம்பித்ததும் கலர் புடவைக்கு மாறிவிட்டாள். அத்தை அதற்கே ஒரு மாசம் பேசவில்லை.

முடிச்சு கல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஜெசிந்தா அக்கா மூட்டையைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "தையல் மிஷின் மேல துணிய அப்பிடியே விட்டுட்டு வந்துட்டேன்" என்று படி இறங்கித் தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மே 28, புதன்

முடிச்சு அவிழ்ந்தது. வெட்டவில்லை.

சின்ன வயதில் ஷூ லேஸை நான் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தால் அம்மா தலையில் ஒரு தட்டு வைப்பாள். "முடிச்சோட சண்ட போடாத. நிமிட்டிக் குடு, அதுவா வரும்." அது ஞாபகம் வந்து, உள்ளங்கையில் வைத்து விரலால் மெல்லத் தேய்த்து நிமிட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பொழுது போனதே தெரியவில்லை. அதுவாகத்தான் வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

உள்ளே ஒரு எவர்சில்வர் பால் சட்டி. ஒரு படி பால் கூடப் பிடிக்காது. அடியில் தீ பட்ட கறுப்பு லேசாக. சட்டிக்குள் ஒரு மஞ்சள் கிழங்கு, காய்ந்து மரக்கட்டையாகிவிட்டது. விளிம்புக்குக் கீழே பேர் வெட்டியிருக்கிறது:

பேச்சியம்மாள் 10-6-89

அம்மா பேர்தான். முன்னால் சௌவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் தேதியில் ஒரு நாள் குறைகிறது. பால் காய்ச்சியது பதினொன்றாம் தேதி ஞாயிறு. குடம் சாட்சி, நான் சாட்சி. பத்தாம் தேதி சனிக்கிழமை. சனிக்கிழமை எந்தக் கிறுக்கியாவது புது வீட்டில் பால் காய்ச்சுவாளா? பேர் வெட்டினவன் தூங்கி வழிந்திருக்கிறான்.

தப்பாக வெட்டின பாத்திரத்தை எதற்குப் பொத்திப் பொத்திக் கட்டி வைத்தாள் என்பதுதான் புரியவில்லை.

மே 30, வெள்ளி

அத்தையிடமே கேட்டுவிட்டேன். எதையும் மனதில் வைத்துக்கொண்டு திரிவது எனக்கு ஆகாது.

"அத்தே, அம்மா பால் சட்டி ஒண்ணு பரண்ல கெடந்துச்சு. தேதி பத்து ஆறுன்னு போட்டிருக்கு. நாம பால் காய்ச்சுனது பதினொண்ணுதான?"

அந்தப் பக்கம் யாரிடமோ டிவியை அணைக்கச் சொன்னாள் அத்தை.

"வெட்டுறவன் தப்பா வெட்டிருப்பான். பழைய கதையெல்லாம் எதுக்குத்தா இப்ப?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "அந்தச் சட்டியப் பழைய பாத்திரத்துக்குப் போட்றாத. பத்திரமா வச்சுக்க" என்று வைத்துவிட்டாள்.

கடலை மிட்டாய்க்கு எடை குறைந்தாலே கடைக்காரனிடம் அரை மணி நேரம் பேசுகிற ஆள் அத்தை. இன்று அரை நிமிஷத்தில் வைத்துவிட்டாள்.

ஜூன் 1, ஞாயிறு

சட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். ஜெசிந்தா அக்கா தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். சட்டியைப் பார்த்ததும் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தாள்.

"அவுத்துட்டியா?"

"அக்கா, ஒங்களுக்கு என்னமோ தெரியும். அன்னைக்கு ஏணிய விட்டுட்டு ஓடுனீங்கள்ல, அப்பவே கண்டுபிடிச்சுட்டேன். பள்ளிக்கூடத்துல முழிக்கிற பிள்ளைகளப் பாத்துப் பழகுனவ நான்."

அக்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, சட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க யாரும் வரல பாப்பா. சனிக்கெழம சாயங்காலம் ஒங்கம்மா மட்டும் வந்துச்சு. கையில சாவி, ஒரு கட்டப்பை. நான் கல்யாணமாகி இங்க வந்த புதுசு. 'தங்கச்சி, ஒரு அரை மணி நேரத்துக்கு ஸ்டவ் குடுப்பியா'ன்னு கேட்டுச்சு. மண்ணெண்ணெய் ஸ்டவ்வ நாந்தான் மேல தூக்கிட்டு வந்தேன். கதவச் சாத்திட்டு, இந்தச் சட்டிய மேடையில வச்சு காய்ச்சுச்சு. பொங்கி மேடையெல்லாம் வழிஞ்சு ஸ்டவ் அணைஞ்சே போச்சு. சிரிக்குது ஒங்கம்மா! அப்பிடிச் சிரிச்சு அதுக்கப்புறம் நான் பாத்ததே இல்ல. மொத டம்ளர எனக்குத்தான் குடுத்துச்சு. 'நாளைக்கு என் நாத்தனா வந்து காய்ச்சுவாங்க. அது ஊருக்கு. இது எனக்கு'ன்னு சொல்லுச்சு."

சட்டியை அவள் மடியிலிருந்து வாங்கி, அடியில் இருந்த தீக்கறுப்பைத் தடவிப் பார்த்தேன்.

"கொஞ்ச நாள் கழிச்சு, பேர் வெட்டக் கூட்டிட்டுப் போனதும் என்னையத்தான். 'தேதியும் போட்டுருங்க'ன்னு கடைக்காரர்கிட்டச் சொல்லுது, ஏதோ பள்ளிக்கூடத்துல பரிசு வாங்குன பிள்ள மாதிரி."

"ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிருச்சு. அது போனதுக்கப்புறம் சொல்லலாம்னுதான் பாத்தேன். நீ விசிலும் கையுமா அழாமத் திரிஞ்ச. அழாதவகிட்ட என்னத்தப் போய்ச் சொல்ல?"

மேலே வந்து அழுதேன். விதியில் அழக் கூடாது என்று இல்லை. துக்கத்தில் அழவில்லை. நிலைக்கு வெளியே நின்றாளே என்று இத்தனை வருஷமாக எனக்குள் ஒன்று குத்திக்கொண்டிருந்தது. அவள் ஜெயித்துவிட்டுத்தான் வெளியே நின்றிருக்கிறாள். என் அம்மா! சாவி கைக்கு வந்த அன்றே காய்ச்சியிருக்கிறாள். சனிக்கிழமையாவது, ராகுகாலமாவது.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் "மிஸ், லீவுல எளைச்சுட்டீங்க" என்றார்கள். மைதானத்தை இரண்டு சுற்று ஓட விட்டேன், நானும் கூட ஓடினேன்.

வசுமதியிடம் எப்படிச் சொல்வது? இல்லை, சொல்ல வேண்டுமா? யார் காய்ச்சினால் என்ன என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். பொய். எனக்குக் காய்ச்ச வேண்டும் போல இருக்கிறது. என் வீடு அது. நான்தான் காய்ச்ச வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

சனிக்கிழமை போய்விடுவது என்று முடிவு. சாவி என்னிடம் இருக்கிறது, கேஸ் இணைப்பும் புது அடுப்பும் வந்துவிட்டன. அம்மா மாதிரியே ஒரு நாள் முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு. ஞாயிறு அன்று வசுமதி ஊருக்காகக் காய்ச்சட்டும். யார் மனசும் நோகாது.

ஜூன் 7, சனி

பால் பாக்கெட், லைட்டர், அம்மாவின் சட்டி, ஒரு புது மஞ்சள் கிழங்கு. எல்லாம் கட்டைப்பையில். இரண்டு பஸ் மாறிப் போனேன்.

ஃபிளாட்டில் பெயின்ட் வாசனை. சமையலறை ஜன்னலைத் திறந்தேன், யானைமலை அப்படியே வந்து உட்கார்ந்தது. சட்டியை அடுப்பில் வைத்தேன். பாலை ஊற்றப் போகிற நேரத்தில், கதவைத் தாழ் போட்டோமா என்று திரும்பிப் பார்த்தேன்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டுக் கதவை நான் எதற்குத் தாழ் போட வேண்டும்? திருட்டுத்தனமாகப் பாலிடம் வர நான் என்ன பூனையா? அம்மா ஒளிந்து காய்ச்சினாள், அன்றைக்கு அவளால் முடிந்தது அது. புருஷன் இல்லாமல், கையில் இரண்டு பிள்ளைகளோடு, புகுந்த வீட்டை விட்டு வந்தவள். எனக்கு என்ன கேடு? சம்பளம் வருகிறது, தொண்டை இருக்கிறது, இருநூறு பிள்ளைகளை ஒரு விசிலில் நிற்க வைக்கிறேன். அவள் செய்ததையே நானும் செய்தால், அவள் விட்ட இடத்திலேயே நிற்கிறேன் என்றுதானே அர்த்தம்.

பாக்கெட்டைப் பிரிக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, பழைய வீட்டில், அதே மேடையில், காப்பி போட்டுக் குடித்தேன். நல்ல காப்பி.

ஜூன் 8, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். ஒன்றும் விட்டுப் போகக் கூடாது.

ஆறு மணிக்கே எல்லாரும் வந்துவிட்டார்கள். சொக்கன், வசுமதி, அத்தை. ஜெசிந்தா அக்காவை ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தேன். ஒன்பது மணிக்குச் சாமான் லாரி வரும் என்பதால் கழுத்தில் விசில். "வீடு குடிபோற அன்னைக்கும் இதக் கழட்ட மாட்டியாக்கா?" என்றான் சொக்கன். "தாலியத்தான் கழட்டியாச்சு, இதையுமா?" என்றேன்.

உப்பு, மஞ்சள், குத்துவிளக்கு, நிறைகுடம் எல்லாம் உள்ளே வந்தது. அத்தை வழக்கம்போல் அதிகாரம். "விளக்க அங்கிட்டு வை. வசு, நீ கெழக்க பாத்து நில்லு." சொல்லிவிட்டு, அவளாகவே நிலைக்கு வெளியே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. அம்மா நின்ற மாதிரியே நின்றாள்.

வசுமதி புதுச் சட்டியைக் கையில் எடுத்தாள்.

"வசு, அதக் கீழ வை. லைட்டர எங்கிட்டக் குடு. நான் காய்ச்சுறேன்."

வசுமதி என்னைப் பார்த்தாள். சடக்கென்று லைட்டரை என் கையில் வைத்துவிட்டாள். "அப்பாடா. நானே சொல்லணும்னு இருந்தேன் மதினி. ஒங்க வீட்டுல நான் காய்ச்சுறது எனக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு."

"அக்கா, அத்தை என்னமும் சொல்லப் போறாங்க. நேரம் வேற போகுது" என்று சொக்கன் முணுமுணுத்தான்.

நான் கட்டைப்பையிலிருந்து அம்மாவின் சட்டியை எடுத்து மேடை அடுப்பில் வைத்தேன். வெளியே இருந்து அத்தை எட்டிப் பார்த்தாள்.

"அது என்ன சட்டி? கண்ணாடி கொண்டாரல. என்ன வெட்டிருக்கு?"

"பேச்சியம்மாள். பத்து, ஆறு, எம்பத்தொம்போது."

"சனிக்கெழம" என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜெசிந்தா அக்காவைப் பார்த்தேன். நான் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஒங்களுக்கு எப்பிடித்தே தெரியும்?"

"தெரியாம என்ன? மறுநா காலைல மொத ஆளா நாந்தான உள்ள போனேன். மேடை ஓரத்துல பால் வழிஞ்சு காஞ்சு கெடக்கு. வெள்ளையடிச்சுப் பூட்டிக் கெடந்த வீட்டுல ஏது பாலு? திரும்பிப் பாக்குறேன், ஒங்கம்மா நிலைக்கு வெளிய நின்னு என் மூஞ்சியவே பாக்குறா. இவன இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு. ஒரு சத்தம் போட்டிருந்தேன்னா ஒங்க மாமா, பங்காளிக, அம்புட்டுப் பேரும் கூடிருப்பாக." அத்தை மூச்சு வாங்கினாள். "முந்தானையால தொடச்சு விட்டுட்டேன். பட்டு முந்தானை. கறை போகவே இல்ல."

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லத்தே."

"சொன்னா நான் அவள வையணும்த்தா. மூத்தவ, வையாம இருந்தா மொறை இல்ல. வைய மனசு வரல. அதான் ஒண்ணும் சொல்லாம விட்டுட்டேன்."

சொக்கன் ஒன்றும் புரியாமல் எல்லார் முகத்தையும் பார்த்தான். அவனுக்கு அப்போது மூன்று வயது, இடுப்பில் இருந்தவன். ஜெசிந்தா அக்கா அவன் காதில் இரண்டு வார்த்தை சொன்னாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நான் பால் செம்பை எடுத்து அத்தையிடம் நீட்டினேன்.

"நீங்க ஊத்துங்க. நான் பத்த வைக்கிறேன்."

"நானாடி? கூடாதுத்தா. நான் தொடக் கூடாது."

"என் வீட்டுல கூடும்."

அத்தை நகரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்து நிலையைத் தாண்டி உள்ளே கூட்டி வந்தேன். எலும்பும் தோலுமான கை. கண்ணாடி இல்லாமல் குத்துமதிப்பாக ஊற்றினாள், பாதி மேடையில் போயிற்று. "பாரு, கீழ போயிருச்சு" என்று குழந்தை மாதிரி பயந்தாள். "போகட்டும், தொடைக்கிறதுக்கு ஒங்க முந்தானை இருக்குல்ல" என்றேன். கிழவி சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

அடுப்பை நான் பற்ற வைத்தேன். எல்லாரும் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பால் ஏடு கட்டி, விளிம்புக்கு வந்து, கிழக்கு மேற்கு என்று பார்க்காமல் நாலா பக்கமும் வழிந்தது. அத்தை குலவை போட வாயெடுத்தாள், அழுகையில் வெறும் காற்றுதான் வந்தது. எனக்கும் குலவை போடத் தெரியாது. கழுத்தில் கிடந்த விசிலை எடுத்து, மைதானத்தில் ஊதுகிற மாதிரி மூச்சு பிடித்து ஊதினேன். எதிர் ஃபிளாட்டுக்காரர் கதவைத் திறந்து என்ன என்று பார்த்தார். அவருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தோம். ஆனால் முதல் டம்ளர் ஜெசிந்தா அக்காவுக்கு.

"அதே ருசி பாப்பா" என்றாள். பால் எல்லாம் ஒரே ருசிதான். நான் மறுத்துப் பேசவில்லை.

ஜூன் 14, சனி

பழைய வீட்டுச் சாவியைக் கொடுத்தாயிற்று. புடவைக் கிழிசல்கள் ஒன்று விடாமல் நிமிட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். பச்சை வாயில் இங்கேயும் கேஸ் டியூபைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் முடிச்சு அவ்வளவு இறுக்கம் இல்லை, பழகிவிடும். மிக்ஸிக்கு 214 மாட்டியாயிற்று, இந்த முறை நம்பர் வெளியே தெரிகிற மாதிரி.

மத்தியானம் கீழமாசி வீதியில் ஒரு பாத்திரக் கடைக்குச் சட்டியைக் கொண்டுபோனேன். பேர் வெட்டுகிறவர் மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "அங்கயற்கண்ணி. நீளமான பேரும்மா, எடம் பத்துமான்னு பாக்கணும். முன்னாடி என்ன போட? சௌபாக்கியவதியா, செல்வியா?" என்றார்.

"பேர மட்டும் போடுங்க. தேதி எட்டு, ஆறு, இருபத்தஞ்சு."

"மொட்டையா இருக்குமே."

"மேல இருக்கிறதப் பாருங்க. அதுவும் மொட்டைதான்."

அவர் சட்டியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். "யாரு, ஒங்கம்மாவா?" என்றார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காமல், அம்மா பேருக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் வெட்டிக் கொடுத்தார்.

இன்று விதியை மீறப் போகிறேன். அம்மா இருந்திருந்தா இந்தச் சட்டியை மறுபடியும் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, மேலே ஏற்றியிருப்பாள். இந்த வீட்டில் பரண் கிடையாது. காப்பிக்கு இதில்தான் பால் வைத்திருக்கிறேன். பொங்குகிற சத்தம் கேட்கிறது, எழுந்து போகிறேன்.